பழைய பொறியும் புதிய பாடமும்

"அறிவியல் படிக்கிற நீயா இந்தப் பழைய இரும்பைத் தூக்கி வந்தாய்?" என்று நண்பர் ஒருவர் என்னைப் பார்த்து நகைத்தார். அன்று நானும் சிரித்துவிட்டேன். இன்று நம் மலரின் வாயிலாக அவருக்கு விடை கூற விழைகிறேன்.

பிழைப்பை நாடித் தில்லிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. என் அன்னையார் அண்டை வீட்டாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அந்த வருவாயில்தான் என் கல்லூரிக் கட்டணத்தின் பெரும்பகுதி அடைந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மின் தையல் இயந்திரம், சென்ற தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் நின்றுவிட்டது. திறந்து பார்த்தேன். பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்றில் மூன்று பற்கள் தேய்ந்து உடைந்திருந்தன. உள்ளங்கையில் அடங்கும் பொருள்! ஆயினும் அது கிடைக்கவில்லை. "இந்த மாதிரி இப்போது வருவதில்லை, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். தைக்க வந்த துணிகளை அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரோல்பாக்கில் முதியவர் ஒருவர் தம் தையற்கடையை மூடுவதாக அறிந்தோம். அவருடைய கறுப்பு உஷா இயந்திரத்தை வாங்கி வந்தோம். 1930களில் கல்கத்தாவில் தோன்றிய தொழில் அது. மண்ணெண்ணெய் கொண்டு பழைய பிசுக்கைக் கழுவினேன். புதிய எண்ணெய் விட்டேன். மிதிக்குப் புதுவார் போட்டேன். அன்று மாலையே தைத்தது. திருப்பிக் கொடுத்த துணிகளில் பாதி மீண்டும் வந்தன.

நண்பர்களே, இங்கே பழைமை எது, புதுமை எது? முனையருகே காதுள்ள ஊசி துணிக்குள் இறங்குகிறது. மீளும்போது நூல் சிறு கண்ணியாகிறது. கீழேயுள்ள கொக்கி அக்கண்ணியைப் பற்றிப் பாபின் நூலைச் சுற்றி வரச்செய்கிறது. இரு நூல்களும் துணியின் நடுவே பூட்டிக்கொள்கின்றன. முனையருகே காதுள்ள ஊசியும் இரு நூல்களின் பூட்டும் எலியாஸ் ஹோ 1846இல் காப்புரிமை பெற்ற தத்துவம். இன்றைய இயந்திரத்திலும் இதுவே இருக்கிறது. தத்துவம் மாறவில்லை, வார்ப்பிரும்பும் எஃகும் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்தது. இதனை வளர்ச்சி என்று எவ்வாறு கூறுவது?

1924இல் இயந்திரங்களைப் பற்றிய உரையாடலில் காந்தியடிகள் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். பொறி மனிதனுக்காக இருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. தன்னைப் பயன்படுத்துவோரே திறந்து பார்த்துச் சீர்செய்யக்கூடிய பொறிதான் மனிதனுக்காக இருக்கும் பொறி என்பேன் நான்.

பழையன எல்லாம் நல்லன அல்ல. எங்கள் இயந்திரம் நேர்த்தையல் மட்டுமே போடும். பூவேலையையும் காஜாவையும் அது தானாகப் போடாது. வாங்குவோர் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஊசித்தண்டு ஆடினாலோ உடலில் விரிசல் இருந்தாலோ விட்டுவிட வேண்டும். கிழிந்த வாரும் வறண்ட எண்ணெயும் குறைகளல்ல. கால் வலிப்பவர்கள் சிறு மோட்டார் பொருத்திக்கொள்ளலாம்.

பழுதுபார்க்கும் உரிமைக்கு வழிகாண நம் மத்திய அரசு 2022இல் குழு ஒன்றை அமைத்தது. வரவேற்க வேண்டிய செயல். ஆனால், அரசு மட்டும் செய்து முடிக்கும் காரியமா இது? நாளை பொறிகளை வடிவமைக்கப் போகிறவர்கள் இவ்விதழைப் படிக்கும் உங்களுள்ளும் இருக்கிறீர்கள். ஒரு பல்சக்கரத்தைப் பிளாஸ்டிக்கில் வரையும்போது, அது தேய்ந்தால் எங்கே கிடைக்கும் என்பதையும் எழுதி வையுங்கள். அந்தச் சக்கரத்தை நம்பி எங்கோ ஒரு தாய் தன் பிள்ளையைப் படிக்க வைத்துக்கொண்டிருப்பாள்.