விற்க முடியாத பங்குக்கு என்ன விலை?

ஜூன், ஜூலை மாதங்களில் சென்னை சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறை வருமானவரி ஆபீஸ் மாதிரி ஆகிவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மெப்ஸ் ஏற்றுமதி மண்டலக் கம்பெனிகளில் கணக்கு எழுதியவர்கள், ஐடி பிள்ளைகள் எல்லோரும் ஃபார்ம்-16-உம் பாங்க் ஸ்டேட்மென்ட்டுமாக வருவார்கள். பென்ஷன், வட்டி, ஒரு மாடி வாடகை. ஐடிஆர்-1-இல் கதை முடிந்துவிடும். இப்போது எல்லோரிடமும் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கிறேன்: லிஸ்ட் ஆகாத கம்பெனிப் பங்கு ஏதாவது வைத்திருக்கிறீர்களா? ஒரே ஒரு பங்கு இருந்தாலும் ஐடிஆர்-1 செல்லாது. கம்பெனியின் பெயர், பான் எண், வருட ஆரம்பத்தில் எத்தனை பங்கு, வாங்கிய விலை என்ன என்று தனி அட்டவணையே எழுத வேண்டும்.

“இருக்கு மேடம், ப்ரீ-ஐபிஓ” என்று, அதாவது பொதுப் பங்கு வெளியீட்டுக்கு முன்பே வாங்கியது என்று, பெருமையோடு சொல்பவர்கள் வருடத்துக்கு வருடம் கூடுகிறார்கள். அந்தப் பெருமை எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

தனியார் தொழிலில் பணம் போடுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. நான் கணக்குப் பார்க்கும் டிபன் கடை ஒன்றை அண்ணன், தம்பி, ஒரு மச்சான் சேர்ந்து பிரைவேட் லிமிடெட்டாக நடத்துகிறார்கள். மச்சான் பணம் மட்டும் போட்டவர், வேறு வேலை பார்க்கிறவர். ஆனாலும் ராத்திரி கடை சாத்தும் நேரத்துக்குக் கல்லா பக்கம் வந்து நிற்பார். மாவு எவ்வளவு போனது, டெலிவரி ஆப் எவ்வளவு கமிஷன் பிடித்தது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தப் பங்கை நினைத்த நேரத்தில் அவரால் விற்க முடியாது. பிரைவேட் கம்பெனிப் பங்கைக் கைமாற்ற சட்டத்திலேயே கட்டுப்பாடு உண்டு. உறுப்பினர்கள் 200 பேருக்கு மேல் போகக் கூடாது. ஊரைக் கூப்பிட்டுப் பங்கு விற்கவும் கூடாது. வெளியே வரும் வழி குறுகல்தான், ஆனால் உள்ளே எட்டிப் பார்க்க அவருக்கு உரிமை இருக்கிறது. நியாயமான பேரம்.

பங்குச்சந்தையில் பேரம் வேறு. டிவிஎஸ் மோட்டாரில் பத்துப் பங்கு வைத்திருப்பவரை யாரும் ஓசூருக்குக் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டப் போவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியாகும், அவ்வளவுதான். ஆனால் மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டுமென்றால் காலை 9.15-க்கு விற்றுவிடலாம், அடுத்த வேலை நாளில் பணம் கைக்கு வந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் கூவி விற்கப்படும் அன்லிஸ்டட் பங்கோ இந்த இரண்டிலும் உள்ள பாதகத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது. கல்லா பக்கம் போய் நிற்க முடியாது, 9.15-க்கு விற்கவும் முடியாது. தரகர் ஒரு விலை சொல்வார், அதுதான் விலை. முழுப் பணத்தையும் முதலில் அவருக்கு அனுப்ப வேண்டும், பிறகு தன் டீமேட்டிலிருந்து நம் டீமேட்டுக்கு அவர் பங்கை மாற்றுவார். நடுவில் ஆள் மறைந்துவிட்டால் எந்த எக்ஸ்சேஞ்சும் பொறுப்பேற்காது. வாங்கிய பங்கை மறுநாள் அவரிடமே விற்கப் போனால் விலை வேறாகிவிடும்.

ஹெச்டிஎஃப்சி வங்கியின் துணை நிறுவனமான ஹெச்டிபி ஃபைனான்சியல் சர்வீசஸை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐபிஓ வரப்போகிறது’ என்ற பேச்சிலேயே அதன் பங்கு பல மாதங்கள் ஓடியது. 2025 ஜூனில்கூட அன்லிஸ்டட் மார்க்கெட்டில் 1,200 ரூபாய்க்கு மேல். அந்த மாதமே கம்பெனி ஐபிஓ விலையை அறிவித்தது: 700 முதல் 740 ரூபாய். கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1,200 என்பது கம்பெனி என்றைக்கும் சொல்லாத விலை.

எனக்குத் தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர் பணிக்கொடையில் இரண்டரை லட்சத்துக்கு இந்தப் பங்கை வாங்கி வைத்திருந்தார். “லிஸ்ட் ஆன அன்னிக்கே வித்துட்டு வெளிய வந்துடலாம்மா, நஷ்டம் கொஞ்சம் குறையும்” என்றார். ஜூலை 2-ஆம் தேதி லிஸ்ட் ஆனபோது 835 ரூபாய். அதற்கும் அவரால் விற்க முடியவில்லை. ஐபிஓவுக்கு முன்பிருந்தே கையில் உள்ள பங்கை ஆறு மாதம் விற்கக் கூடாது என்பது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. தரகர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. தலைமையாசிரியர் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன் ஐபிஓவுக்கு விண்ணப்பித்து, 20 பங்கு கொண்ட லாட் ஒன்று அதிர்ஷ்டவசமாகக் கிடைத்து, அன்று காலையே விற்று லாபம் பார்த்துவிட்டான். சார் கொஞ்ச நாள் அந்தப் பையனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவர் மனைவி என்னிடம் சிரித்தபடி சொன்னார்.

ஐபிஓவே வராமலும் போகலாம். தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ, தன் பங்கை லிஸ்ட் செய்ய 2016 டிசம்பரில் விண்ணப்பித்துவிட்டு, சில தரகர்களுக்கு மட்டும் முன்னதாகத் தகவல் கிடைத்தது என்ற கோ-லொகேஷன் விவகாரத்தில் சிக்கி ஆண்டுக்கணக்காக நின்றது. ரிலையன்ஸ் ரீடெய்லில் நடந்தது இன்னும் மோசம். 2023 ஜூலையில், தாய் நிறுவனம் தவிர மற்றவர்கள் வைத்திருந்த பங்குகளை ரத்து செய்து, பங்குக்கு 1,362 ரூபாய் கொடுப்பதாக அறிவித்தார்கள். அதைவிட வெகு அதிகம் கொடுத்து வாங்கியவர்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சென்னைக்காரர்களுக்கு இதில் தனி பலவீனம் ஒன்று உண்டு, சிஎஸ்கே. இந்தியா சிமெண்ட்ஸிலிருந்து அணியைப் பிரித்துத் தனி நிறுவனமாக்கியபோது, பழைய பங்குதாரர்களுக்கு அந்தப் பங்கு சும்மா வந்தது. அவர்கள் பாக்கியசாலிகள். 2022 ஜனவரியில் அது 200 ரூபாயைத் தாண்டி, அணியின் மதிப்பு 7,600 கோடி என்று பேசப்பட்டபோது ஆசைப்பட்டு வாங்கியவர்கள் வேறு ரகம். “தோனி ரிட்டயர் ஆனா விலை இறங்கிடுமா?” என்று ஒரு மாமி என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். பதில் சொல்லத்தான் சந்தை வேண்டும், அது இல்லை.

லிஸ்ட் ஆகாத பங்கு என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்தவர்கள் நம் பக்கத்து மளிகைக் கடைகளில் இருக்கிறார்கள். தாம்பரம், குரோம்பேட்டைக் கடைக்காரர்களில் தென்மாவட்டத்துக்காரர்கள் கணிசம். சிலர் வீட்டில் தாத்தா காலத்துத் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிப் பங்கு இருக்கிறது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962-இல் பெயர் மாறிய வங்கி. லிஸ்ட் ஆகாத அதன் பங்குகள் தொண்ணூறுகளில் பெருமளவில் எஸ்ஸார் குழுமத்திடம் போய், பிறகு தொழிலதிபர் சி. சிவசங்கரனிடம் போயின. அதை மீட்க நாடார் சமூகமே ஊர் ஊராகப் பணம் திரட்டியது. வழக்கு, ரிசர்வ் வங்கி, வெளிநாட்டு முதலீட்டாளர் என்று இழுத்துக்கொண்டே போய், 2022 செப்டம்பரில்தான் 510 ரூபாய்க்குப் பங்குச்சந்தைக்கு வந்தது. சொந்த வங்கி, சொந்த ஜனம்; அப்படியும் பங்கு யார் கைக்குப் போகிறது என்பது சாதாரணப் பங்குதாரருக்குக் காரியம் முடிந்த பிறகே தெரிந்தது.

லிஸ்ட் ஆன கம்பெனி எல்லாம் சொக்கத்தங்கம் என்று நான் சொல்லவில்லை. 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வந்த பேடிஎம் முதல் நாளே கால்வாசிக்கு மேல் சரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 36 டாலருக்கு நாஸ்டாக்குக்குப் போன நம் சென்னை ஃப்ரெஷ்வொர்க்ஸ், ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டோரைக் கோடீஸ்வரராக்கியது. ஒரு வருடத்துக்குள் பங்கு பாதி விலைக்கும் கீழே போனது. ஆனால் பேடிஎம் வாங்கியவருக்கு விழுந்தது அன்றைக்கே தெரிந்தது, வேண்டாமென்றால் அன்றைக்கே விற்கவும் முடிந்தது.

லிஸ்ட் ஆகும் முன்பே வாங்கினால்தான் லாபம் என்பார்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸில் 2011-லேயே பணம் போட்ட ஆக்செல் போன்ற முதலீட்டு நிறுவனங்களுக்கு அது சரி. அப்படிப்பட்டவர்கள் முன்னுரிமைப் பங்கு வாங்குவார்கள், இயக்குநர் குழுவில் உட்காருவார்கள், பத்தில் ஏழு மூழ்கினாலும் மீதி மூன்றில் எடுத்துவிடுவார்கள். சிட்லபாக்கத்துக்கு வந்து சேர்வது கடைசிக் கைமாற்றம். இதற்கிடையில் “ஜோஹோ ஷேர் எங்க கிடைக்கும்?” என்று கேட்பவர்களும் உண்டு. ஜிஎஸ்டி சாலையில் கூடுவாஞ்சேரிப் பக்கம் கட்டடம் தெரிகிறது, பங்கு கிடைக்காதா என்ற ஆசை. அது பிரைவேட் லிமிடெட். பங்குச்சந்தைக்கு வரும் எண்ணமில்லை என்று அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பலமுறை சொல்லிவிட்டார். கிடைக்கும் என்று யாராவது செய்தி அனுப்பினால் அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள்.

வரியிலும் சலுகை இல்லை. லிஸ்ட் ஆன பங்கை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால லாபம். ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் வரை வரி கிடையாது. அன்லிஸ்டட் என்றால் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், அந்த ஒன்றேகால் லட்சமும் கிடையாது.

அனுமதியில்லாத ஆன்லைன் தளங்களில் இந்தப் பங்குகளை வாங்க வேண்டாம் என்று 2024 டிசம்பரில் செபி எச்சரித்தது. ஐபிஓவுக்கு முந்தைய பங்குகளுக்கென முறைப்படுத்தப்பட்ட மேடை அமைக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் அதன் தலைவர் துஹின் காந்த பாண்டே பேசினார். வரட்டும். அதற்குள் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. சந்தைக்கு வெளியே பங்கு விற்றுக் கைமாற்றும்போது, எவ்வளவு பணத்துக்கு என்று டீமேட் மாற்றுச் சீட்டில் எழுதித்தான் கொடுக்கிறோம். அந்த விவரம் டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் இரண்டிடமும் இருக்கிறது. ஆள் பெயரை மறைத்து, கம்பெனி வாரியாக அந்த வாரம் எத்தனை பங்கு என்ன விலைக்குக் கைமாறியது என்று அவர்கள் வெளியிடட்டும். தரகர் 1,200 என்று சொல்லும்போது, அந்த வாரம் யாராவது உண்மையில் 1,200 கொடுத்தார்களா என்று வாங்குபவர் பார்த்துக்கொள்வார்.