தெருவிலும் சாம்பிராணி!

மதுரைப் பக்கத்தில் காய்ச்சலோடு உடம்பு சிவந்து தடித்தால், “ஆத்தா வந்திருக்கின்றாள்” என்று வேப்பிலை செருகி, டாக்டரை அண்டவிடாதவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். டெங்குவில் காய்ச்சல் தணிகின்ற சமயந்தான் ஆபத்தான சமயம். இரத்தக்குழாய் கசிந்து ஆள் சாவது அப்பொழுதுதான். இவர்களோ ஆத்தா இறங்கிவிட்டாளென்று அன்றைக்குப் பொங்கல் வைக்கின்றார்கள்! 2012-ல் தமிழ்நாட்டில் 66 பேரும் 2017-ல் 65 பேரும் இக்காய்ச்சலில் மாண்டதாகச் சர்க்கார் கணக்கே சொல்லுகின்றது.

இதைப் பரப்புகின்ற ஏடிஸ் கொசு பெரிதும் நாம் சேர்த்துவைக்கும் நல்ல தண்ணீரில் பிறப்பது; பகலில் கடிப்பது. தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. கொட்டிக் கவிழ்த்தால் போதாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவவேண்டும்.

பக்தர்கள் கிடக்கட்டும், படித்த அதிகாரிகள் செய்வதென்ன? காய்ச்சல் பரவிய பிறகு தெருத்தெருவாய்ப் புகை போடுகின்றார்கள். புகை பறக்கின்ற கொசுவைக் கொல்லும். தொட்டிக்குள் நெளிகின்ற புழுவை என்ன செய்யும்? இதுவும் ஒரு சாம்பிராணிதானே!

குழாயில் தினந்தோறும் தண்ணீர் வந்தால் எந்தத் தாய் அண்டாவும் டிரம்மும் நிரப்பி வைப்பாள்? கும்பாபிஷேக வசூலுக்குக் கேட்டதும் மடியை அவிழ்க்கின்ற நாம், இந்தக் குழாய்க்காக எத்தனை முறை கார்ப்பரேஷன் வாசலுக்குப் போயிருக்கின்றோம்?