காய்ச்சல் விட்டாலும் கிருமி விடுவதில்லை

“பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு நாளைக்கு ஒரே ஊசி, எங்கள் அப்பாவுக்கு மட்டும் ஏன் ஆறு?” இதய வால்வில் கிருமித்தொற்று கண்டவர்களின் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்குப் புரியும்படி விடை சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது என் கருத்து.

பெனிசிலின் வருவதற்கு முன் இந்நோய் கண்டவர்களில் பிழைத்தோர் மிக அரிது. இன்று குணப்படுத்த முடிகிறது. ஆனால் மருந்தின் அளவு, இடைவெளி, நாட்கள் ஆகிய மூன்றும் சரியாக அமைய வேண்டும். வால்வில் இரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. அங்கே படியும் கிருமிகள் உறைந்த இரத்தத்தைப் போர்வையாக்கிக்கொண்டு மறைந்திருக்கின்றன. உடலின் வெள்ளையணுக்கள் அவற்றை எளிதில் நெருங்க முடியாது. சாயத்தின் அளவோ, சூடோ, நேரமோ குறைந்தால் துணியில் நிறம் நிற்காது என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்தும் அவ்வாறே.

பெனிசிலின் உடலிலிருந்து விரைவாக வெளியேறிவிடும். ஆகவே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறோம். செஃப்ட்ரியாக்சோன் நெடுநேரம் தங்குவதால், அதற்குக் கட்டுப்படும் கிருமியாயின் நாளைக்கு ஒருமுறை போதும். வான்கோமைசின், ஜென்டாமைசின் ஆகியவை மிகுந்தால் சிறுநீரகம் கெடும். குறைந்தால் கிருமி பிழைக்கும். எனவே உடல் எடையையும், சிறுநீரகத்தின் நிலையையும், இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவையும் பார்த்தே முடிவு செய்கிறோம். நள்ளிரவு ஊசிக்காகச் செவிலியர் எழுப்பினால் சினம் கொள்ள வேண்டாம்.

சிகிச்சை பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். அந்நாட்களையும், இரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று உறுதியான நாளிலிருந்தே எண்ணுகிறோம். காய்ச்சலோ பலருக்கு முதல் வாரத்திலேயே தணிந்துவிடுகிறது. உடனே வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். காதர்பேட்டையில் கடை திறக்காத நாளுக்கு வருமானம் இல்லை; கம்பெனியில் ஷிப்டுக்குப் போகாதவருக்குச் சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. இதை நான் அறிவேன். ஆனால் பாதியில் நிறுத்தினால் நோய் மீளலாம், வால்வு சிதையலாம், கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம்.

மருத்துவர்களாகிய நாங்களும் மாற வேண்டும். 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், உடல்நிலை சீரான 400 நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர், குறைந்தது 10 நாள் ஊசிக்குப் பின் மாத்திரைகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்களின் நிலை, ஊசியையே தொடர்ந்தவர்களின் நிலையைவிடத் தாழவில்லை. தகுதியான நோயாளிகளுக்கு இவ்வழியை நாங்களே முன்வந்து எடுத்துச் சொல்ல வேண்டும். யார் தகுதியானவர் என்பதை மட்டும் மருத்துவக் குழு முடிவு செய்யட்டும்.

இன்னொரு தவறு மருத்துவமனைக்கு வரும் முன்பே நடக்கிறது. காய்ச்சலுக்குக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாள் விழுங்கிவிட்டு வந்தால், இரத்தப் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகலாம். கிருமி தெரியாமல் மருந்தின் அளவை எவ்வாறு கணிப்பது? இம்மருந்துகள் கண்டபடி பயன்படுத்தப்படுவதைத் தடுக்க 2012இல் சென்னைப் பிரகடனம் உருவானது. 2014 மார்ச் முதல் இவற்றுள் முக்கியமான பலவற்றின் விற்பனையைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதுவது கட்டாயம். ஆயினும் வாங்குபவர் உறுதியாக இல்லாவிடில் சட்டத்தால் மட்டும் பயனில்லை.

வால்வுக் கோளாறு உள்ளவர்களும், செயற்கை வால்வு பொருத்தியவர்களும் காரணம் புரியாத காய்ச்சல் கண்டால், மாத்திரை விழுங்கும் முன் இரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள். சிகிச்சையில் இருப்போர் எங்களிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: எந்தக் கிருமி? எவ்வளவு மருந்து? எந்தத் தேதி வரை?