சீனியரா, இளசா? சிஎஸ்கே ரூட்டை மாத்தியது ஏன்?

2018-ல் சிஎஸ்கேவை 'டாடிஸ் ஆர்மி' எனக் கிண்டல் செய்தார்கள். ஃபைனலில் 36 வயது வாட்சன் 117 ரன் விளாச, கோப்பை சென்னைக்கு வந்தது.

2025-ல் அந்த ஃபார்முலா கைகொடுக்கவில்லை. அஸ்வினை ரூ.9.75 கோடிக்கு எடுத்தும், முதல்முறையாகக் கடைசி இடம். பாதியில் வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரேதான் ஆறுதல்.

அதனால்தான் 2026 சீசனுக்கான ஏலத்தில், இந்திய அணிக்கே ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மாவுக்குத் தலா ரூ.14.2 கோடி.

ரிஸ்க் என்ன?

சீனியர் இன்றைக்கே ஜெயித்துக் கொடுப்பார்; இளசுக்கு டைம் வேண்டும். ரெண்டு மேட்ச் சொதப்பியதும் பெஞ்சில் உட்கார வைத்தால், கொட்டிய கோடிகள் வீண்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைச் சேலைக்கு ஒரு தறியில் ரெண்டு பேர் வேண்டும். நெய்பவர் ஒருவர், கரைக்கு நாடா போடும் உதவியாள் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்துதான் தொழில் கைக்கு வரும். சிஎஸ்கேவுக்கும் கணக்கு அதுதான்: சீனியரும் வேண்டும், பக்கத்திலேயே இளசும் வேண்டும்.