மாசுணம் மனைக்குரியதன்று

திருச்சிராப்பள்ளியினின்று புதுக்கோட்டைக்கு வரும் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே வானூர்தி நிலையம் உள்ளது. 2023 சூலைத் திங்களின் இறுதியில், கோலாலம்பூரிலிருந்து அங்கு வந்திறங்கிய ஒருவரின் பெட்டியைச் சுங்கத்துறையினர் திறந்து பார்த்தனர். உள்ளே 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. பொன்னைக் கடத்தினர்; இப்பொழுது பாம்பையும் கடத்துகின்றனர். வாங்குவார் இருப்பதனாலன்றோ அவை வருகின்றன?

அண்மையில் புதுக்கோட்டையில் ஓர் இளந்தம்பி எம்மை வினவினார்: "ஐயா, மலைப்பாம்பு வளர்க்க விரும்புகிறேன். புதிதாகத் தொடங்குவோர்க்கு எது எளியது?" எதுவும் எளியதன்று என்றோம். அவர் முகம் வாடியது. ஆயினும் உண்மையைக் கூறத்தானே வேண்டும்!

நம் மண்ணின் மலைப்பாம்பை நம் முன்னோர் மாசுணம் என்றனர். வழியின் குறுக்கே விழுந்த மரம்போல் அது கிடக்கும் என்று மலைபடுகடாம் வழிச்செல்வோரை விழிப்பூட்டுகிறது. அப் பாம்பு 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்க் காப்புச் சட்டத்து முதற் பட்டியலில் உள்ளது. பிடித்து வைத்திருப்பார்க்கு மூன்று முதல் ஏழாண்டுச் சிறையும், 25,000 உருபாவிற்குக் குறையாத தண்டமும் உண்டு. ஆகவே, அதைப் பற்றிய பேச்சே வேண்டா.

கடைகளில் விலை பேசப்படுவது ஆப்பிரிக்க நாட்டுப் பந்துமலைப்பாம்பு. அஞ்சினால் பந்துபோல் சுருண்டு தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும், அதனாலேயே அப்பெயர். சிறியது, அமைதியானது என்று விற்போர் கூறுவது பொய்யன்று. ஆனால் அது இருபது, முப்பது ஆண்டுகள் வாழும் என்பதை அவர்கள் கூறுவதில்லை. கல்லூரிப் பருவத்தில் வாங்கிய தம்பி, தன் மகன் கல்லூரிக்குச் செல்லும் வரை அதற்கு எலி தேடவேண்டும்! அதுவும் சிலபோது திங்கட்கணக்கில் உண்ணாது கிடக்கும். பழகாதவர் நோயென்று அஞ்சி வாயைத் திறந்து ஊட்ட முயன்று அதனைக் கொன்றுவிடுவர்.

குளிர்நாட்டார் அதற்கு வெப்பமூட்ட விளக்கு வைக்கின்றனர். கூட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 32 பாகை வெப்பமும், மறுபக்கம் அதனினும் குறைந்த வெப்பமும், காற்றில் ஈரமும், ஒளிந்துகொள்ள இடமும் வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலிலோ தகரக் கூரையின்கீழ் வைத்த கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும்.

2022இல் திருத்தப்பட்ட சட்டமும் 2024இன் விதிகளும், பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலிலுள்ள இத்தகைய அயல்உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்யவேண்டும் என்கின்றன. முன்பே வாங்கிவிட்ட தம்பிகள் அதனை மறைக்காது பதிந்துகொள்வதே முறை. சலிப்புற்று நார்த்தாமலைக் குன்றிலோ கண்மாய்க் கரையிலோ விட்டுவிடுவது பெருங்கேடு. அமெரிக்காவின் புளோரிடாவில் அவ்வாறு விடப்பட்டும் தப்பியும் பெருகிய பருமாநாட்டு மலைப்பாம்புகள், அச் சதுப்புநிலத்து முயல்களையும் சிறுவிலங்குகளையும் ஏறத்தாழத் துடைத்துவிட்டன.

எமக்கு மனவருத்தம் வேறொன்று. அயல்நாட்டுப் பாம்பிற்குக் கண்ணாடி மாளிகை கட்டுவோர் வாழும் இதே மாவட்டத்தில், காட்டுநிலத்தின் பெரும்பரப்பைத் தைலமரங்கள் பிடித்துக்கொண்டன. ஒதுங்க இடமிழந்த மாசுணம் வயலுக்கு வருகிறது, தடியால் அடிபடுகிறது. அதற்கு நஞ்சில்லை. வயலெலியைத் தின்பது அது. பெண்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிக் கிடந்து, உடலை நடுக்கி நடுக்கி அவற்றிற்குச் சூடேற்றும். ஆட்டுக்குட்டியை விழுங்குவதும் உண்டு. மறுப்பதற்கில்லை, ஏழை உழவர்க்கு அது இழப்பே.

அந்தத் தம்பியிடம் இறுதியாக ஒன்று கேட்டோம்: உன் ஊர் வயலில் மலைப்பாம்பைக் கண்டால் என்ன செய்வாய்? விழித்தார். கூட்டத்தை விலக்கி நிறுத்து. தீயணைப்புத் துறைக்கோ, அரசு வனத்துறை என்றெழுதும் காட்டுத்துறைக்கோ உடனே தொலைபேசியில் சொல். அவர்கள் வரும்வரை அருகில் எவரையும் விடாதே என்றோம். அவர் தம் சிற்றூர்க்குப் பேருந்தேறினார்.