‘ரெடி’ என்றால் என்ன அர்த்தம்?

இந்த வாரம் கம்ப்யூட்டர் சமாசாரம். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் பேங்க் கணக்கும் ரேஷன் கார்டும் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கின்றன.

புரோகிராம் எழுதும் வேலையை இப்போது ஏஐ ஏஜென்ட்டுகள் செய்கின்றன. சம்பளம் கேட்காத, தூங்காத வேலைக்காரர்கள். ஒரே குறை, ஞாபகமறதி. மறுநாள் கூப்பிட்டால் நேற்று செய்தது மறந்திருக்கும். அதனால் வேலைப் பட்டியலைத் தனியாக எழுதிவைக்கும் கருவிகள் வந்தன. 2025 அக்டோபரில் ஸ்டீவ் யேகி என்ற அமெரிக்கப் புரோகிராமர் வெளியிட்ட ‘பீட்ஸ்’ அப்படி ஒன்று. ‘எந்த வேலை ரெடி?’ என்று ஏஜென்ட் கேட்டால், வேறு எந்த வேலைக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாதவற்றை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும். இன்னும் ஒரு படி மேலே போய், எதை முடித்தால் மற்ற வேலைகளுக்கு அதிகம் வழி திறக்கும் என்று கணக்குப் போட்டு, ‘முதலில் இதைச் செய்’ என்று சிபாரிசு செய்யும் துணைக் கருவிகளும் வந்துவிட்டன.

நல்ல ஐடியாதான். என் சண்டை கருவியோடு இல்லை. இந்த ரகக் கருவிகளுக்கு எழுதப்படுகிற கையேடுகளோடு.

எப்படி நிறுவுவது, எந்தக் கட்டளைக்கு என்ன வரும் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். இந்தக் கருவியின் கண்ணுக்கு எது தெரியாது என்பது மட்டும், இருந்தால், கடைசியில் ஒரு வரி.

அதனால் என்ன கெட்டுப்போச்சு என்கிறீர்களா? பட்டியலில் ‘பழைய வாடிக்கையாளர் விவரங்களை அழி’ என்று ஒரு வேலை இருக்கிறது. அதற்கு முன் காப்பி எடுத்துவைக்க வேண்டும். ஆனால் அதை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. கருவி பார்க்கும். தடை ஏதும் இல்லை. ‘ரெடி’ என்று சொல்லிவிடும். ஏஜென்ட் அழித்துவிடும். கருவி பொய் சொல்லவில்லை. அதன் பாஷையில் ‘ரெடி’ என்றால், தடை எதுவும் எழுதப்படவில்லை என்று மட்டுமே அர்த்தம். செய்யலாம் என்று அர்த்தமில்லை. இந்த வித்தியாசத்தை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடாத கையேடு என்ன கையேடு?

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் கட்டுமாவடிக்கு வாருங்கள். அந்தக் கரையில் ஒரு முறை உண்டு. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் விசைப்படகுகளுக்கு திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஒரே கடலில் ஒருவர் வலையை ஒருவர் அறுக்காமல் பிழைக்க ஏற்பட்ட ஒழுங்கு. இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், ஞாயிற்றுக்கிழமை ‘கட்டுமாவடி நாட்டுப்படகு ரெடி’ என்று சொல்லும். படகுக்காரர் வானத்தைப் பார்ப்பார். வாடைக் காற்று ஏறியிருந்தால், “இன்னிக்கு வேணாம்ப்பா” என்று வலையைச் சுருட்டிவிடுவார். காலண்டருக்குக் காற்று தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அதை யாரும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. ஏஜென்ட்டுக்கு எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு சிபாரிசு, அது யாருக்குப் பொருந்தும் என்று சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடல் நமக்கு ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற எச்சரிக்கை வந்தது. கரையில் இருந்தவனுக்கு அது சரி. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட குமரி மாவட்ட மீனவனுக்கு? அவனுக்கு அதில் ஒரு வார்த்தை இல்லை. இருந்திருந்தாலும் போய்ச் சேர வழியில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், காணாமல் போனார்கள்.

“கையேட்டையும் ஏஐயே எழுதிடும் சார்” என்பார்கள். எழுதும், அழகாகவே எழுதும். புரோகிராமில் இருப்பதைப் பார்த்து எழுதும். இல்லாததை யார் எழுதுவது? எதைக் கணக்கில் எடுக்காமல் விட்டோம், ஏன் விட்டோம் என்பது கருவியைச் செய்த மனிதனுக்குத்தான் தெரியும். அவனோ, கையேடு எழுதுவது ஜூனியர் பையன் வேலை என்று நினைக்கிறான். வேலையைச் செய்பவன் மனிதனாக இருந்தவரை அது ஓடியது. அவன் சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டில் கேட்பான். ஏஜென்ட், எழுதியிருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு செய்துவிட்டு, ‘முடிந்தது’ என்று ரிப்போர்ட்டும் கொடுக்கும்.

நான் கேட்பது மூன்றே வரி. எதை வைத்து இந்தச் சிபாரிசு? எது இந்தக் கருவிக்குத் தெரியாது? எந்தக் கட்டத்தில் வேலையை நிறுத்திவிட்டு ஒரு மனிதனைக் கேட்க வேண்டும்? இந்த மூன்றும் முதல் பக்கத்தில் இல்லாத கருவியை பேங்க்கோ அரசாங்கமோ காசு கொடுத்து வாங்கக் கூடாது. சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது.