கருவிக்குச் சட்டம் உண்டு, எக்கோ பார்ப்பவருக்கு?

புது தில்லி: இருதயத்தின் இயக்கத்தை ஒலி அலைகளால் படம்பிடித்துக் காட்டும் எக்கோ பரிசோதனை இப்போது சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. அதற்கான கருவியை வாங்கவும் பதிவு செய்யவும் சட்டம் இருக்கிறது. ஆனால், அதை இயக்கி நோயைக் கண்டறியும் மருத்துவர் தனித் தேர்வு எழுதித் தேற வேண்டும் எனக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் இல்லை.

இது ஏட்டளவிலான குறை அல்ல. எக்கோவின் துல்லியம், பரிசோதிப்பவரின் கைப்பழக்கத்தைப் பெரிதும் சார்ந்தது. கருவியின் முனையைப் பிடிக்கும் கோணம் தவறினால், வால்வின் பழுது கண்ணில் படாமல் போகலாம். இருதயத்தின் ரத்தத்தை வெளியேற்றும் திறன் குறைத்தோ கூட்டியோ மதிப்பிடப்படலாம். பதிவாகாத காட்சியை அடுத்த மருத்துவரால் சரிபார்க்கவும் இயலாது.

அல்ட்ரா சவுண்ட் தொடர்பாக நாடாளுமன்றம் முன்பே சட்டம் இயற்றியிருக்கிறது. 1994-இல் நிறைவேறி, 1996-இல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் கடுமையாக்கப்பட்ட அச்சட்டத்தின் நோக்கம் கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுப்பதாகும். 1991-இல் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 945-ஆக இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 2001-இல் 927-ஆகச் சரிந்ததைப் பார்க்கும்போது, அதன் தேவையை மறுக்க இயலாது.

இச்சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2014-இல் பயிற்சி விதிகளை வெளியிட்டது. எம்பிபிஎஸ் மருத்துவர்கள் ஸ்கேன் மையம் நடத்த 6 மாதப் பயிற்சியும் தேர்ச்சியும் தேவை என்பதே அதன் சாரம். ஆனால், 300 மணி நேரம் கொண்ட அப்பயிற்சி வயிறு, இடுப்புப் பகுதி ஸ்கேன் பற்றியது. இருதய நோயாளிக்கான எக்கோ பயிற்சி அல்ல.

ரேடியாலஜி மருத்துவர்கள் சங்கம் உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில், 2016 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பயிற்சி நிபந்தனையைச் செல்லாது என அறிவித்தது. மருத்துவத் தகுதியை நிர்ணயிப்பது மருத்துவக் கவுன்சிலின் வேலை என்பது அதன் கருத்து. 2018 மார்ச்சில் அன்றைய தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. இரு நீதிமன்றங்களிலும் விவாதம் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தைச் சுற்றியே நடந்தது. இருதயப் பரிசோதனையின் தரம் அதில் மையப் பொருளாகவில்லை.

மருத்துவக் கவுன்சிலின் வழியாகவும் தீர்வு எளிதில் கிட்டவில்லை. இருதய நிபுணர்களின் பற்றாக்குறையைப் போக்க, எம்பிபிஎஸ் மருத்துவர்களுக்கான 2 ஆண்டு இருதய மருத்துவ முதுநிலைப் பட்டயப் படிப்பை 2006-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. ஆனால், அன்றைய மருத்துவக் கவுன்சில் அதை அங்கீகரிக்க மறுத்தது. மத்திய அரசின் ஒரு நிறுவனம் கொடுத்த பட்டயத்தை மற்றொரு நிறுவனம் ஏற்காததால், நடுவில் சிக்கியவர்கள் படித்து முடித்த மருத்துவர்களே.

இதைவிட விசித்திரம் 2021-இல் நிகழ்ந்தது. துணை மருத்துவப் பணியாளர்களுக்காக நாடாளுமன்றம் இயற்றிய தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் எக்கோ தொழில்நுட்பர்கள் இடம்பெற்றனர். கருவியை இயக்கும் தொழில்நுட்பருக்குச் சட்டத்தில் பெயர் உண்டு. அறிக்கையில் கையெழுத்திடும் மருத்துவருக்குத் தனி அளவுகோல் இல்லை.

பிரிட்டனில் எக்கோ சங்கம், எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, பரிசோதனைகளின் பதிவேடு ஆகியவற்றின் அடிப்படையில் தகுதிச் சான்று வழங்குகிறது. அமெரிக்காவில் இதற்கெனவே ஒரு தேசிய வாரியம் 1998 முதல் உள்ளது. இந்தியாவில் டிஎம் இருதயவியல் படிப்பவர்கள் எக்கோவையும் கற்கின்றனர். ஆனால், அவர்களை மட்டுமே அனுமதிப்பது என்றால் கிராமப்புற நோயாளிகள் பெருநகரங்களில் காத்துக்கிடக்க நேரிடும். யாரும் பார்க்கலாம் என விட்டுவிட்டால் தவறான அறிக்கைகளுக்கும் அவர்களே பலியாவர்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி, எந்தப் பட்டம் என்பதைவிட எவ்வளவு திறமை என்பதைச் சோதிக்கும் பொதுத் தேர்வே. 2020 செப்டம்பர் முதல் மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் இயங்கும் தேசிய மருத்துவ ஆணையம் இதை முன்னெடுக்கலாம். கருவில் உள்ள பெண் குழந்தையைக் காக்க முன்வந்த நாடாளுமன்றம், இருதய நோயாளியைக் காக்கவும் ஆணையத்தை வற்புறுத்த வேண்டும்.